பார்ப்பதற்காகப் போட்ட பந்தி

சும்மா உட்காரத் தெரியாதவள் என்று என் வீட்டில் எல்லோரும் என்னைச் சொல்வார்கள். அந்த வருடம் அது முற்றிப்போயிருந்தது. கடையில் புடவை மடித்துக்கொண்டிருப்பேன், பாதியில் எழுந்து வாசலுக்குப் போய் நிற்பேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்கு ஏறிவிடுவேன். பால் பொங்கி வழிந்த வாசனை மாடிக்கு வந்த பிறகுதான் நினைவு வரும். காரணம் ஒன்றே ஒன்று. என் மகளுக்கு ஆறு வயது, பிறவியிலேயே காது கேட்காது. அவள் படித்துக்கொண்டிருந்த வகுப்பை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது.

வகுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆரணியில் பட்டுக்கடைகள் இருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி அறை, ஒரு டீச்சர், பத்துக்கும் குறைவான பிள்ளைகள், சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடி முன்னால் நின்று உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசப் பழகுவார்கள். டீச்சர் சம்பளத்தையும் அறை வாடகையையும் வெளியூர் டிரஸ்ட் ஒன்று கொடுத்து வந்தது. கோடை விடுமுறையோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். இது போனால் வேறு வழி வேலூர்தான். அங்கே பெரிய பள்ளி இருக்கிறது, ஆனால் விடுதியில் விட வேண்டும்.

"இங்க இருக்கிற வேலூர்தானே. பஸ் ஏறினா ஒரு மணி நேரம்" என்றார் என் கணவர்.

"அப்போ நீங்க போய் அங்க இருங்க. நானும் பாப்பாவும் ஞாயித்துக்கெழம வந்து பாக்கறோம்" என்றேன்.

அவர் கெட்டவரில்லை. கடையில் யாரையும் அதட்டாத மனிதர். ஆனால் மகளோடு பேச அவருக்கு வராது. அவள் கையை ஆட்டிக் கேட்பதெல்லாம் என் வழியாகத்தான் அவருக்குப் போகும். அவளுக்கு நான்தான் வாய். அந்த விடுதியில் அவளுக்குப் பசித்தால் யாரிடம் சொல்வாள், வயிறு வலித்தால் யாருக்குப் புரியும் என்று நினைத்தாலே எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். அவளை அனுப்பக்கூடாது, வகுப்பு நடக்க வேண்டும். என் தலைக்குள் வேறு எதற்கும் இடமில்லை.

எங்கள் ஊரில் பெண்கள் சங்கம் ஒன்று இருந்தது. பட்டுக்கடைக்காரர்கள், அரிசி மில்காரர்கள், டாக்டர்கள் வீட்டுப் பெண்கள் மாதம் ஒரு முறை கூடி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். அந்த வருடம் தலைவியாக இருந்தவர் பேங்க் மேனேஜரின் மனைவி, பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். வகுப்பை நம் சங்கம் எடுத்து நடத்த வேண்டும் என்று நான் எழுந்து நின்று கேட்டேன். கேட்டேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பது பொருத்தம். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார். பெங்களூரில் இப்படி நிதி திரட்ட, ஆளுக்கொரு டைனிங் டேபிளை ஆளுக்கொரு கருத்தில் அலங்கரித்துக் காட்சிக்கு வைப்பார்களாம். ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போவார்களாம்.

"சாப்பாடு?" என்று டாக்டர் வீட்டு அம்மா கேட்டார்.

"சாப்பாடு கிடையாது. தட்டு, டம்ளர், பூ, துணி, அலங்காரம். பார்க்க மட்டும்தான்."

எங்கள் வீடுகளில் டைனிங் டேபிள் என்பது கல்யாணச் சீராக வந்து, மாத்திரை அட்டையும் கரண்ட் பில்லும் இஸ்திரி போடாத துணியும் சுமந்து நிற்கிற ஒன்று. எங்கள் வீட்டு மேசையில் என் மாமியாரின் ஊறுகாய் ஜாடிகள் குடியிருந்தன. சாப்பிடுவது தரையில், டிவி முன்னால். இப்படிப்பட்ட ஊரில் வெறும் மேசையைப் பார்க்க யார் வருவார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் முதலில் சரி என்று சொன்னது நான்தான். மேசையைக் கவிழ்த்துப்போட்டு டிக்கெட் விற்கச் சொல்லியிருந்தாலும் விற்றிருப்பேன்.

விற்கவும் செய்தேன். நெய்தவர்கள் புடவையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுத்த புடவைக்குப் பாவு நூலும் ஜரிகையும் வாங்கிப்போக எங்கள் கடைக்கு வருவார்கள். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு ஒவ்வொருவரையும் பிடித்தேன்.

"எங்க நடக்குதும்மா?"

"கல்யாண மண்டபத்துல. சாப்பாட்டு ஹால்ல."

"எப்போ?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம்."

"எதுக்காவ?"

"காது கேக்காத பசங்க படிப்புக்கு."

"அய்ய, நல்ல காரியமாச்சே. பசங்களயும் இட்டாரலாமா?"

"எல்லாரையும் இட்டாங்க."

கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னேன். சாப்பாடு உண்டா என்று மட்டும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மத்தியான நேரத்தில், கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலுக்கு, குடும்பத்தோடு வாருங்கள் என்று கூப்பிட்ட பிறகு அதை யார் கேட்பார்கள்? டிக்கெட் விற்கிற வேகத்தில் எனக்கும் அது உறைக்கவில்லை. இரண்டாவது தடவை அச்சடிக்க வேண்டி வந்தது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் மேசைக்கு அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்புடவையை விரிக்கலாம் என்று எடுத்து வைத்தேன். மாமியார் பார்த்துவிட்டார்.

"பட்டு மேல எச்சி தட்டு வெக்கப் போறியா? சாமிக்கும் கல்யாணத்துக்கும் போற பொருளு. நல்லா இருக்குது நாயம்."

"தட்டுல சோறு இருக்காதுங்க அத்தை. வெறும் தட்டுதான்."

"வெறும் தட்ட எதுக்கு வெக்கறீங்க? பேஜாரு புடிச்ச கூட்டம்."

பட்டை மடித்து உள்ளே வைத்தேன். வெள்ளை வேட்டியை விரித்து, கடையில் மிஞ்சிய வண்ண நூல் கண்டுகளை ஓரம் முழுக்கக் கரை மாதிரி வரிசையாக வைத்தேன். தட்டும் வேண்டாம், இலையே போடலாம் என்று தோன்றியது. தேவிகாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் தலைவாழை இலைக்கட்டு வந்து சேர்ந்தது.

மாசி மாதத்து வெயில். ஹாலில் சுவர் நீளத்துக்கும் மேசைகள். டாக்டர் வீட்டு அம்மா கடலுக்கடியில் இருப்பது போல நீல நைலான் புடவையை அலையலையாகப் பரப்பி, மணல் கொட்டி, மகாபலிபுரத்துச் சிப்பிகளை இறைத்து, கை துடைக்கும் துணியை மீன் மாதிரி மடித்திருந்தார். மில்காரர் வீட்டு மேசை பழத்தோட்டம். ஆப்பிளும் திராட்சையும் மாதுளையும் மலையாகக் குவிந்திருந்தன. தலைவியின் மேசை முழு வெள்ளை. வெள்ளைத் துணி, வெள்ளைத் தட்டு, வெள்ளை ரோஜா, நடுவில் எரியும் மெழுகுவத்திகள். அவருக்கு அதில் எவ்வளவு உழைப்பு என்று எனக்குத் தெரியும். உள்ளே வந்த முதல் குடும்பம் அதன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாக நின்றது. "யாரு தவறிட்டாங்கோ?" என்று அந்த வீட்டுக்காரர் என் காதருகே கேட்டார்.

நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். டிக்கெட் வாங்கியவர்கள் வருகிறார்களா, வந்தவர்கள் முகம் சுளிக்கிறார்களா, சங்கத்துப் பெண்கள் அடுத்த வருடமும் செய்ய ஒத்துக்கொள்வார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இது கேவலமாகிவிட்டால் வகுப்பை யாரும் தொட மாட்டார்கள். ஃபேன் காற்றில் என் இலைகளின் ஓரம் சுருள ஆரம்பித்தது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எல்லா இலையிலும் தெளித்துவிட்டு, மறுபடி வாசலுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது என் மேசையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு நெய்கிறவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், அவருடைய அம்மா. எல்லோருக்கும் கை ஈரமாக இருந்தது. குழாயில் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பாட்டி இலையில் நான் தெளித்த தண்ணீரை உள்ளங்கையால் தள்ளிவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். தண்ணீர் தெளித்து இலை போட்டால் பரிமாறப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம். அவரைப் பார்த்து அடுத்த குடும்பம் கடலுக்கடியில் உட்கார்ந்தது. அதற்கடுத்த குடும்பம் பழத்தோட்டத்தில். பின்னால் நின்றவர்கள் அடுத்த பந்திக்காகச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

தலைவி முகம் வெளுத்து ஓடி வந்தார். "மைக்ல சொல்லிடலாம். இது காட்சிக்கு மட்டும், தயவுசெய்து எழுந்திரிங்கன்னு மரியாதையா சொல்லிடலாம்."

"மேடம், இலையில உக்காந்தவங்கள எழுப்பினா இந்த ஊர்ல ஒருத்தரும் நம்ம மூஞ்சில முழிக்க மாட்டாங்க. நீங்க ஊர் மாறிப் போயிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும்."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். மைக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன். அன்று ராத்திரி விருந்துக்கும் மறுநாள் காலை முகூர்த்தத்துக்குமாகச் சமையல்காரர்கள் வந்திருந்தார்கள். அண்டாவில் துவரம்பருப்பு வெந்துகொண்டிருந்தது. தலைமைச் சமையல்காரர் பீடியை அணைக்காமலே நான் சொன்னதைக் கேட்டார்.

"இது பொண்ணு வீட்டு அரிசிம்மா. நான் எப்படி எடுத்துக் குடுக்கறது?"

"மூட்டை அரிசி மில்லுலேர்ந்து இப்போ வந்துகினு இருக்குது. பருப்பும் வரும். நீங்க எடுத்துப் போடுங்கண்ணா."

உண்மையில் எதுவும் வந்துகொண்டிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கணவருக்குப் போன் செய்தேன். "எத்தினி மூட்டை?" என்று மட்டும் கேட்டார்.

"சாம்பார் சாதம் போட்டுத் தரேன். அரை மணி ஆவும். அதுவரைக்கும் இலைய காலியா வுடாதீங்க" என்றார் சமையல்காரர்.

இலையைக் காலியாக விடாமல் இருக்க எங்களிடம் என்ன இருந்தது? அலங்காரம்தான் இருந்தது. மில்காரர் வீட்டு அம்மா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் பழத்தோட்டத்தைத் தானே அறுக்க உட்கார்ந்தார். சிப்பியும் மணலும் இருந்த மேசையிலும் இலை போட்டோம். முதலில் உப்பு, அப்புறம் என் மேசையில் அழகுக்காக வைத்திருந்த மாமியாரின் ஊறுகாய், அப்புறம் ஆப்பிள் துண்டு, நாலு திராட்சை. "இன்னாமா, பழம் மொதல்ல வருது?" என்று ஒருவர் கேட்டார். "பெங்களூர் பந்திங்க, அப்படித்தான் போடுவாங்க" என்று டாக்டர் வீட்டு அம்மா சொன்னாரே, அவருக்கு அவ்வளவு சமயோசிதம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. சாம்பார் சாதம் வந்ததும் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் பட்டுப்புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளி தூக்கினார்கள். தலைவிக்குக் கரண்டி பிடித்துப் பரிமாறிப் பழக்கமில்லை. நீல அலைகளின் மேல் சாம்பார் சிந்தியது. மீன் மடிப்புத் துணியில் பிள்ளைகள் கை துடைத்தார்கள்.

முதல் பந்தி எழுந்தது. என் மேசையில் உட்கார்ந்திருந்த பாட்டி கை கழுவிவிட்டு, இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மொய் எங்க எழுதறாங்கோ?"

"நீங்கதான் டிக்கெட்டுக்குக் குடுத்துட்டீங்களே."

"அது உள்ள வர்றதுக்கு. கை நனைச்சிட்டு மொய் எழுதாம போவாங்களா? உங்க வூட்டு வழக்கம் அப்படியா?"

அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் அதே கேள்வியோடு நின்றார்கள். அரிசி மூட்டையோடு அப்போதுதான் வந்து இறங்கிய என் கணவரை இழுத்துக்கொண்டுபோய், வெள்ளை மேசையின் மெழுகுவத்தியை ஒதுக்கிவிட்டு உட்கார வைத்தேன். தலைவி பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிப் போட்டார். மொய் என்றால் என்னவென்று அவருக்கு விளக்க நேரமில்லை.

"யாரு பேருக்கு எழுதறது?" என்று முதல் ஆள் கேட்டார். கல்யாணமென்றால் மாப்பிள்ளை பெண் பெயர் இருக்கும். என் கணவர் பேனாவை எடுத்தார்.

"பசங்க பேருக்கு" என்றார்.

நெய்கிறவர்கள் மொய் எழுதுவதைப் பார்த்த கடைக்காரர்களும் மில்காரர்களும் சும்மா போக முடியவில்லை. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. மூன்றாவது பந்தி முடிவதற்குள் டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வகுப்பு இரண்டு வருடத்துக்குக் கவலையில்லாமல் நடக்கும் என்று சொன்னார். மண்டபத்தின் தூணில் சாய்ந்துகொண்டு அழுதேன். இத்தனை நாள் எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுவிட்டது போல இருந்தது. என் மகள் என்னோடுதான் இருப்பாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைத் தேடினேன். டீச்சர் வேலூர்ப் பள்ளியின் பிள்ளைகளை வரவழைத்திருந்தார். மேடையில் பேச்சில்லாத நாடகம் ஒன்று போடுவதற்காக வேனில் வந்திருந்தார்கள். நாடகத்துக்கு முன்னால் சாப்பிட என் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் என் மகள் இருந்தாள்.

சாதம் ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் சாப்பிடவில்லை. கைகள் பேசிக்கொண்டிருந்தன. இலைக்கு மேலே, ஒருவர் தோளைத் தட்டி இன்னொருவர் கையை இழுத்து, அத்தனை வேகத்தில் நான் பார்த்ததேயில்லை. எனக்கும் மகளுக்கும் நடுவில் நாங்களாக வைத்துக்கொண்ட சாடைகள் கொஞ்சம் இருந்தன. சோறு, தண்ணி, வலி, தூக்கம், அப்பா. வீட்டுக்குள் அது போதுமாக இருந்தது. இவர்களோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய பெண் என் மகளிடம் என்னவோ கேட்டாள். இவள் தப்பும் தவறுமாகக் கையை ஆட்டினாள். அவள் சொல்லிக்கொடுத்தாள். இவள் மறுபடி ஆட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், இவளும் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன். நிமிர்ந்து பார்த்தாள், அம்மா என்று தெரிந்துகொண்டாள், திரும்பிக்கொண்டாள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. இருக்கிற வேலையை எல்லாம் விட்டுவிட்டு, எச்சில் இலைகளை நானே எடுக்க ஆரம்பித்தேன்.

நாடகம் முடிந்து வேன் புறப்படுகிற நேரம். டிரைவர் இறங்கி வந்து, "இந்த பாப்பா எங்க கூட வந்ததில்லீங்களே" என்றார். என் மகள் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் யாருடைய பையோ இருந்தது. வா என்று கையைக் காட்டினேன். வரவில்லை. உள்ளே ஏறித் தூக்கினேன். என் தோளைக் கடித்துவிட்டாள்.

வகுப்பு நின்றுபோகவில்லை. தினமும் அவளைப் படியேற்றி விட்டேன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியையும் பார்க்காமல், மடிக்குள் தானாகக் கையை ஆட்டிக்கொண்டிருப்பாள் என்று டீச்சர் சொன்னார். வீட்டிலும் அப்படித்தான். நான் எதிரே போய் உட்கார்ந்து, சொல்லு, எனக்கும் சொல்லு என்று சாடை காட்டுவேன். ஒரு முறை சொல்லிப் பார்ப்பாள். எனக்குப் புரியாது. அலுத்துப்போய் எழுந்துவிடுவாள். அவளுக்கு நான்தான் வாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வாய் இருந்தது, அதைக் கேட்பதற்குத்தான் எங்கள் வீட்டில் ஆளில்லை. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள இரண்டு மாதம் மாடிக்கும் வாசலுக்கும் நடக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் கடையில் புடவை மடித்துக்கொண்டே சொன்னேன். "ஜூன்ல வேலூர்ல சேத்துடலாங்க."

கணவர் கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தார். "இவ்ளோ பாடு பட்டுட்டு?"

"வகுப்பு மத்த பிள்ளைங்களுக்கு இருக்கட்டும்."

ஊரில் சிரித்தார்கள். மொய் வாங்கி வகுப்பைக் காப்பாற்றியவள் தன் பிள்ளையை வேறு இடத்தில் சேர்க்கிறாள் பார் என்று சங்கத்திலேயே பேச்சு வந்தது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

விடுதியில் விட்ட அன்று என்னால் கிளம்ப முடியவில்லை. பெட்டியைத் திறந்து துணியை எடுத்து மறுபடி மடித்தேன். தட்டில் பெயர் சரியாக வெட்டியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தேன். கணவர் வாசலில் நின்று செருமினார். கடைசியில் மகளே என்னைக் கையைப் பிடித்து வாசல் கேட் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தாள். அங்கே நின்று, என் முகத்துக்கு நேராகக் கையை ஒரு மாதிரி நீட்டித் திருப்பித் தன் பக்கம் இழுத்துக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை. வார்டன் அம்மாவைப் பார்த்தேன்.

"போயிட்டு வான்னு சொல்றா" என்றார்.

எங்கள் இருவருக்கும் நடுவில் அதற்கு ஒரு சாடையே இருந்ததில்லை. ஒரு நாளாவது பிரிந்திருந்தால்தானே தேவைப்பட்டிருக்கும். நானும் கையைத் தூக்கி, அவள் செய்த மாதிரியே செய்தேன். தப்பாகச் செய்துவிட்டேன் போலிருக்கிறது. என் விரல்களைப் பிடித்துச் சரியாக மடக்கி வைத்துவிட்டு, உள்ளே ஓடினாள்.